டிரெய்லர் மாட்டினால் மட்டும் உதறும் பழைய டிராக்டர்: எங்கே தொடங்கிப் பார்ப்பது

காலி வண்டியாக ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது. கரும்பு ஏற்றிய டிரெய்லரை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்ததும் எஞ்சின் உதறும், திக்கும், ஸ்டியரிங் வரைக்கும் நடுங்கும். கடலூர், நெல்லிக்குப்பம், பாகூர் பக்கம் கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் இந்தப் புகார் வாரத்துக்கு இரண்டு முறையாவது என் காதுக்கு வரும். என்னிடம் இருப்பது 1998 மாடல், மூன்று சிலிண்டர், 36 எச்.பி. வண்டி. இதே உதறலை அதில் எத்தனையோ முறை பார்த்துச் சரி செய்திருக்கிறேன். அக்கம்பக்கத்து வண்டிகளிலும் கை வைத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். உதறல் என்றதும் டீசல் பம்பைக் கழற்ற விடாதீர்கள். பம்பு கடைசியில் பார்க்க வேண்டிய இடம். அதற்கு முன்னால் காசே செலவில்லாமல் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

இங்கே சொல்வது எல்லாம் பழைய மாதிரி டீசல் பம்பு உள்ள வண்டிகளுக்கு. காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும் புது மாதிரி) வண்டியாக இருந்தால் டீசல் பைப் நட்டுகளைத் தொடவே கூடாது. அதில் உள்ள அழுத்தம் வேறு ரகம்.

## உதறல் எங்கிருந்து வருகிறது? இரண்டு சோதனை

சமதளத்தில், லோடு டிரெய்லரோடு நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, டிரெய்லர் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். நியூட்ரலில் வைத்து, கிளட்சை முழுதாக மிதித்தபடி ஆக்சிலேட்டரை மெதுவாகக் கூட்டிக் குறையுங்கள்.

அப்போதும் உதறினால் கோளாறு எஞ்சினில் இருக்கிறது. ஐடிலிலும் (ஆக்சிலேட்டர் மிதிக்காத நிலையிலும்) உதறல், ஏறி இறங்கும் சத்தம் ஆகிய இரண்டு தலைப்புகளுக்கும் நேராகப் போகலாம்.

உதறவில்லை என்றால் டிரெய்லரைக் கழற்றிவிட்டு, அதே ரோட்டில் அதே கியரில் ஒரு கிலோமீட்டர் ஓட்டுங்கள். உதறல் அடியோடு போய்விட்டால் லோடு, கிளட்ச், ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இணைப்பு) பக்கம் பாருங்கள். டீசல் குறைவாகப் போனாலும் இப்படித்தான் காட்டும், ஏனென்றால் காலி வண்டிக்குத் தேவைப்படும் டீசல் கொஞ்சம்தான்.

## கிளம்பும்போது மட்டும் உதறுகிறது, ஓடத் தொடங்கியதும் சரியாகிவிடுகிறது

கியர். லோடோடு மூன்றாம் கியரில் கிளப்பும் பழக்கம் பலருக்கு உண்டு. லோவில் போட்டு, முதல் கியரில் கிளப்பிப் பாருங்கள். உதறல் இல்லையா? சரி, வண்டியில் குற்றமில்லை.

பெடல் ஆட்டம். கிளட்ச் பெடலைக் கையால் அழுத்தினால் எதிர்ப்பு தெரிவதற்கு முன் கொஞ்ச தூரம் சும்மா போக வேண்டும். பல பழைய வண்டிகளில் அது ஓர் அங்குலம் அளவு. உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன அளவு இருக்கிறதோ அதை வையுங்கள். ஆட்டமே இல்லையென்றால் கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே ஓடித் தேய்கிறது. ராடில் உள்ள லாக் நட்டைத் தளர்த்தி நாமே சரி செய்யலாம். பெடல் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறவர் வீட்டில் இருந்தால் அந்தப் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும்.

கிளட்ச் பிளேட்டில் எண்ணெய். எஞ்சினும் கியர்பாக்சும் சேரும் மணிக்கூட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பல வண்டிகளில் அதில் ஒரு ஸ்ப்ளிட் பின் தொங்கும். படுத்துப் பாருங்கள். சொட்டு நிற்கிறதா? விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கறுப்பாக, நீர்த்திருந்தால் எஞ்சின் ஆயில், அதாவது கிராங்கின் பின்பக்க சீல் போயிருக்கிறது. தடித்து, கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில், அது கியர்பாக்ஸ் பக்கத்து சீல்.

எண்ணெய் பட்ட பிளேட்டைக் கழுவி மாட்டுவது வேலைக்கு ஆகாது. இங்கே மெக்கானிக்கைக் கூப்பிட்டே ஆக வேண்டும், வண்டியை நடுவில் பிரிக்கிற வேலை இது. பிரித்தால் பிளேட் மட்டும் மாற்றி மூடச் சொல்லாதீர்கள். ரிலீஸ் பேரிங், கசிந்த சீல் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஃபிளைவீல் முகத்தில் நீலத் திட்டோ வெடிப்புக் கோடோ இருக்கிறதா என்று நீங்களே கண்ணால் பாருங்கள். திட்டு இருந்தால் லேத்தில் கொடுத்து முகம் எடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டுப் புதுப் பிளேட் போட்டால் மறு மாதமே பழைய உதறல் வந்துவிடும்.

## அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் திக்கித் திக்கி இழுக்கிறது

கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுக் கிளப்பினால் மறுபடி நன்றாக ஓடும், மறுபடி திக்கும். கரும்புகை இருக்காது. இப்படி இருந்தால் எஞ்சினுக்கு டீசல் போதவில்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். எங்கள் பக்கத்து உதறல் புகார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

என் வண்டிக்கு ஒரு சீசனில் இதே நோய் வந்தது. திருக்கண்டேஸ்வரம் தாண்டியதும் திக்கும், நெல்லிக்குப்பம் ஆலை வரிசையில் போய் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. ஒரு பட்டறையில் காட்டினேன். பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றினார்கள், சிலிண்டருக்குள் டீசல் தூவும் நாசில் மூன்றும் மாற்றினார்கள். நான்கு நாள் வண்டி நின்றது, வெட்டிய கரும்பு வயலில் காய்ந்தது. மாட்டி ஓட்டினால் அதே இடத்தில் அதே திக்கல். வெறுத்துப்போய் ரோட்டோரம் நிறுத்தி, டீசல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க டேங்க் மூடியைத் திருகினேன். 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. அடுத்த நிமிடம் வண்டி ஒழுங்காக இழுத்தது. வீட்டில் வந்து மூடியைத் திருப்பிப் பார்த்தால், காற்றுப் போகிற துளை மேல் பட்டாணி அளவுக்குக் குளவி மண் கட்டியிருந்தது. மழைக்காலம் முழுக்க வண்டி கொட்டகையில் சும்மா நின்றபோது கட்டியது. ஒரு ஊசியால் குத்தி எடுத்தேன். அவ்வளவுதான் வேலை.

அதனால் இந்த வரிசையில் பாருங்கள்.

டேங்க் மூடி. திக்கும் அந்த நேரத்திலேயே நிறுத்தி மூடியைத் திறங்கள். காற்று இழுக்கும் சத்தம் கேட்டால் மூடிதான். டீசலில் கழுவி, துளையைக் குத்தி, ஊதிப் பாருங்கள். துளை தெரியாமல் பழைய துணியைச் சுற்றி மூடியிருப்பவர்களும் இருக்கிறார்கள், அதுவும் இதே வேலையைத்தான் செய்யும்.

டீசலில் தண்ணீர், அழுக்கு. ஃபில்டருக்கு அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து, ஒரு வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் பாதி பிடியுங்கள். கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகக் கோடு போட்டு நிற்கும். புதுச்சேரியில் விலை குறைவு என்று கேனில் வாங்கி வைத்து ஊற்றுகிற பழக்கம் நம் ஊரில் அதிகம். அந்தக் கேனின் அடியில் எத்தனை நாள் அழுக்கு இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கேனின் கடைசி இரண்டு விரல்கடை டீசலை டேங்கில் ஊற்றாதீர்கள். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு பெண்ணையாற்று வெள்ளம் ஊருக்குள் வந்ததே, அப்போது சக்கரம் முழுக நின்ற வண்டிகளில் டேங்க் கழுவாமல் ஓட்டியவர்கள் மாதக்கணக்கில் இதோடு அல்லாடினார்கள்.

ஃபில்டர். இரண்டு ஃபில்டர் இருந்தால் டேங்க் பக்கத்து முதல் ஃபில்டர்தான் சீக்கிரம் அடைக்கும். கடைசியாக எப்போது மாற்றினோம் என்று நினைவு இல்லையென்றால் மாற்றிவிடுங்கள். கழுவி ஊதி மறுபடி போடும் வேலை பேப்பர் ஃபில்டருக்குச் சரிப்படாது, பேப்பர் கிழிந்து அழுக்கு நேராகப் பம்புக்குப் போகும்.

வழியில் காற்று நுழைவது. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் சின்னப் பம்பு) நடுவில் உள்ள ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால் டீசல் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே போகலாம். அதனால் கண்ணுக்குத் தெரியாது. ஹோசை மடக்கிப் பார்த்தால் வெடிப்புகள் தெரியும். செம்பு வாஷர்கள் நசுங்கியிருந்தாலும் இதே கதைதான்.

இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. சுத்தமான ஐந்து லிட்டர் கேனில் டீசல் ஊற்றி, டேங்க் உயரத்துக்கு மேல் கட்டி, அதிலிருந்து தனி ஹோசை நேராக ஃபீட் பம்பு வாய்க்குக் கொடுங்கள். அப்படியே லோடோடு ஓட்டிப் பாருங்கள். சைலன்சர் பக்கம் கேன் போகாதபடி கட்டுங்கள். திக்கல் நின்றால் கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில். நிற்கவில்லையென்றால் ஃபீட் பம்பு அல்லது அதற்கு மேல். ஒரு மணி நேர வேலை, பம்பு கடைக்கு வீணாகப் போவதைத் தவிர்த்துவிடும்.

ஃபீட் பம்பு. ஃபில்டருக்குப் போகும் பைப்பைக் கழற்றி, கை லிவரை அடித்தால் ஒவ்வொரு அடிக்கும் டீசல் பீச்ச வேண்டும். வழிந்தால் போதாது. ரிப்பேர் கிட் கிடைக்கிறது. டயாஃப்ரம் கிழிந்த வண்டியில் டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கும், அதனால் டிப் ஸ்டிக்கையும் எடுத்துப் பாருங்கள். ஆயில் அளவு தானாகக் கூடியிருந்து டீசல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது.

### ஏர் எடுப்பது

இதில் எதைக் கழற்றினாலும் ஏர் எடுத்தாக வேண்டும், அதாவது டீசல் வழியில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்கட்டும். முதல் ஃபில்டர் மேல் உள்ள திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கை லிவரை அடியுங்கள். டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே இறுக்குங்கள். அப்புறம் இரண்டாம் ஃபில்டர், அப்புறம் பம்பின் உடம்பில் உள்ள திருகு. சில பம்புகளில் அது ஒன்று, சிலவற்றில் இரண்டு. கை லிவர் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று ஆடினால் அது கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். உள்ளே கேம் தூக்கி நிற்கிறது. எஞ்சினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அடித்தால் பிடிக்கும். கடைசியில் இரண்டு நாசில்களின் நட்டைத் தளர்த்தி, ஆக்சிலேட்டர் முழுதும் வைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றி, டீசல் தெறித்ததும் இறுக்கிக் கிளப்புங்கள். ஸ்டார்ட்டரைப் பத்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் சுற்றாதீர்கள்.

நாசில் நட்டிலிருந்து தெறிக்கும் டீசலின் வழியில் கையோ முகமோ இருக்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி பெரிதாக இல்லாவிட்டாலும் அது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

## ஏற்றத்தில் மட்டும் உதறுகிறது, கரும்புகை கக்குகிறது

கடலூர் பக்கத்துக் கேப்பர் மலை ஏற்றத்தில் செங்கல் லோடோடு ஏறிப் பார்த்தால் வண்டியின் உண்மை தெரிந்துவிடும்.

ஓட்டும் முறை. முதல் சந்தேகம் இதில்தான் வர வேண்டும். பெரிய கியரில் ஆர்.பி.எம். விழ விழ ஆக்சிலேட்டரை அமுக்கினால் எந்த எஞ்சினும் உதறும், மூன்று சிலிண்டர் எஞ்சின் இன்னும் அதிகமாக உதறும். ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறையுங்கள். நடு ஏற்றத்தில் லோடோடு கியர் மாற்றப் போனால் வண்டி பின்னால் வழுக்கும், உயிருக்கே ஆபத்து.

லோடு. 36 எச்.பி. வண்டிக்கு இரண்டு டிரெய்லர் கரும்பு மாட்டிவிட்டு எஞ்சினைக் குறை சொல்லக் கூடாது.

ஏர் கிளீனர். எண்ணெய்க் கிண்ணம் உள்ள பழைய ஏர் கிளீனரைக் கழற்றிப் பாருங்கள். கரும்பு வயலிலும் செம்மண் ரோட்டிலும் ஓடிய வண்டியில் அந்த எண்ணெய் களிம்பாகியிருக்கும். டீசலில் கழுவி, உள்ளே பொறித்த கோடு வரைக்கும் எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள். கோட்டுக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அதை உறிஞ்சும், நீலப்புகை வரும். மேலே உள்ள தொப்பிக்குள் கரும்புச் சோகை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிரேக் பிடித்துக்கொண்டே இருப்பது. இரண்டு கிலோமீட்டர் பிரேக் அதிகம் போடாமல் ஓட்டி நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரக் குடத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் விடவில்லை, அல்லது பேரிங் போய்க்கொண்டிருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு கரும்புகை நிற்கவில்லை என்றால் நாசில்களைக் கழற்றிக் கடையில் ஸ்ப்ரே பார்க்கச் சொல்லுங்கள். பனி போலத் தூவ வேண்டும், ஒழுகக் கூடாது. நாசிலும் நன்றாக இருந்தால்தான் பம்பு டைமிங், கம்ப்ரஷன் பக்கம் போக வேண்டும். அது மெக்கானிக் வேலை.

## ஐடிலிலும் உதறல், லோடில் இன்னும் மோசம்

ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. எது என்று கண்டுபிடிக்க இரண்டு வழி.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பி, ஒரு நிமிடத்தில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு வாய் மேலும் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். இரண்டில் சட்டென்று ஆவியாகும், ஒன்றில் அப்படியே நிற்கும். நிற்கிறதுதான் தூங்குகிற சிலிண்டர்.

இரண்டாவது, ஐடிலில் ஒவ்வொரு நாசில் நட்டையும் அரைச் சுற்று தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். தளர்த்தியதும் எஞ்சின் சத்தம் மாறி இன்னும் தள்ளாடினால் அந்த சிலிண்டர் நல்லது. எதைத் தளர்த்தினால் மாற்றமே இல்லையோ, அதுதான் கோளாறு. துணியை மேலே போட்டுவிட்டுச் செய்யுங்கள், தெறிப்பு பற்றி மேலே சொன்னது இங்கும் பொருந்தும்.

அடுத்து அந்த நாசிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். அடியில் உள்ள செம்பு வாஷர் புதிதாக இருக்கட்டும். கோளாறு நாசிலோடு கூடவே போனால் நாசில்தான், அதை மட்டும் சரி செய்தால் போதும். அதே சிலிண்டரிலேயே நின்றால் வால்வைத் திறக்கும் டேப்பட்டின் இடைவெளியைப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் பம்பு, வால்வு, ரிங், ஹெட் கேஸ்கெட் இவற்றில் ஒன்று. ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையில் திறந்துவிட்டுக் கிளப்பினால் குமிழி குமிழியாக வருகிறதா? கேஸ்கெட். எஞ்சினின் உள்காற்றை வெளியே விடும் பிரீதர் பைப்பில் குபுகுபுவென்று புகை தள்ளுகிறதா? பேக் கம்ப்ரஷன், எஞ்சின் வேலைக்கு வந்துவிட்டது. இந்த இடத்தில் நம் ஸ்பேனரை வைத்துவிட்டுக் கம்ப்ரஷன் மீட்டர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.

## எஞ்சின் சத்தம் தானாக ஏறி இறங்குகிறது

முதலில் ஏர் எடுங்கள். அடுத்து ஆக்சிலேட்டர் ராடு மூட்டுகளைக் கழுவி எண்ணெய் விடுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர். அது பம்புக்குள்ளே இருக்கிறது, சீல் உடைத்துத் திறக்கும் வேலையை வீட்டில் செய்யக் கூடாது.

## எஞ்சின் சீராக ஓடுகிறது, ஆனால் முன்னும் பின்னும் இடிக்கிறது

இதையும் எஞ்சின் உதறல் என்றுதான் சொல்லிக்கொண்டு வருவார்கள். போன தை மாதம் பாகூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். "அண்ணே, எஞ்சின் வேலை முழுசா செஞ்சிட்டேன், இன்னும் உதறுது" என்றார். ஹிட்ச் பின்னை உருவிப் பார்த்தேன். நடுவில் தேய்ந்து இடுப்பு ஒடுங்கியிருந்தது. டிராபார் ஓட்டை முட்டை வடிவம். இரண்டுக்கும் நடுவில் கட்டைவிரல் நுழைந்தது. அந்த இடைவெளியில்தான் பல டன் கரும்பு முன்னும் பின்னும் மோதிக்கொண்டு வந்திருக்கிறது. புது பின் போட்டு, ஓட்டைக்குப் புஷ் அடித்ததும் நின்றுவிட்டது.

பின்னைப் பார்த்த கையோடு டிரெய்லர் டர்ன்டேபிள், சக்கர நட்டு, டயர் காற்று எல்லாவற்றையும் பாருங்கள். இரண்டு சக்கர டிரெய்லரில் பாரம் பின்பக்கம் அதிகமானால் ஹிட்சை மேலே தூக்கும், டிராக்டரின் பின் சக்கரம் பிடிப்பு இழந்து துள்ளும். முன்பக்கம் அளவுக்கு மீறினால் டிராக்டரின் முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் கேட்காது.

இன்னொரு இடம் பலர் மறப்பது. காருக்கு இருப்பது போல இந்த டிராக்டர்களில் எஞ்சினுக்கு ரப்பர் மவுண்ட் கிடையாது. எஞ்சினேதான் சேசிஸ். முன் ஆக்சில் தாங்கியும் பின்பக்க மணிக்கூடும் எஞ்சினோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டவை. லோடு வண்டியில் அந்த போல்ட்டுகள் தளரும். ஸ்பேனர் போட்டு ஒவ்வொன்றாக இறுக்கிப் பாருங்கள். ஒரு போல்ட்டைச் சுற்றித் துரு நிறத்தில் பொடி கசிந்திருந்தால் அது தளர்ந்து ஆடிக்கொண்டிருக்கிறது. போல்ட் உடைந்திருந்தாலோ ஹவுசிங்கில் வெடிப்புக் கோடு தெரிந்தாலோ லோடு ஏற்றாமல் மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.

## உடனே நிறுத்த வேண்டியவை

இரும்பில் சுத்தியல் அடிப்பது போல 'டக் டக்' சத்தம், ஆயில் பிரஷர் முள் விழுவது, டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருப்பது. இந்த மூன்றில் எது வந்தாலும் நடு ரோடாக இருந்தாலும் ஓரம் கட்டி நிறுத்துங்கள். ஆலை வரைக்கும் போய்விடலாம் என்று ஓட்டினால் கிராங்க் போய்விடும்.

நீலப்புகையோடு எஞ்சின் தானாக வேகம் எடுத்து, நிறுத்தும் குமிழை இழுத்தும் நிற்கவில்லையென்றால் அது எண்ணெயைக் குடித்து ஓடுகிறது. காற்று உறிஞ்சும் வாயைத் தட்டையான பலகையால் அடைத்து நிறுத்துங்கள். கையையோ துணியையோ வைக்காதீர்கள், இழுத்துக்கொள்ளும்.

மெக்கானிக்குக்குப் போன் செய்யும்போது "உதறுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை நிமிடம் ஓடியபின், எந்தக் கியரில், புகை என்ன நிறம், டேங்க் மூடி திறந்து பார்த்தாயிற்றா, டிரெய்லர் கழற்றி ஓட்டியாயிற்றா என்று ஐந்தையும் சொல்லுங்கள். எதைக் கொண்டு வர வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும். என் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டியில் இரண்டு ஃபில்டர், பத்து செம்பு வாஷர், ஒரு மீட்டர் டீசல் ஹோஸ், கிளிப்புகள், ஒரு ஹிட்ச் பின், வெள்ளை பாட்டில், குளவி மண் குத்த ஓர் ஊசி இவ்வளவும் சீசன் முழுக்க இருக்கும்.